சிலுவைப்போர்க் காலத்தில் ஒருமுறையாவது ஜெருசலேம் சண்டை இல்லாமல் கைமாறியதா?

ஆமாம், 1229-ல். அதைச் சாதித்தவர் திருச்சபையிலிருந்தே விலக்கி வைக்கப்பட்டிருந்த புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் என்பதுதான் வேடிக்கை. 1227-ல் சிலுவைப்போருக்குக் கிளம்பியவர் உடம்பு சரியில்லை என்று பாதியிலேயே திரும்பிவிட, போப் ஒன்பதாம் கிரகோரி அதைச் சாக்கு என்று சொல்லி விலக்கிவிட்டார். அடுத்த வருஷம் அந்தத் தண்டனையோடேயே மறுபடி கிளம்பினார். கையில் பெரிய படை கிடையாது. ஆனால் ஜெருசலேமைக் கையில் வைத்திருந்த எகிப்து சுல்தான் அல்-காமிலுக்கோ டமாஸ்கஸைப் பிடித்து வைத்திருந்த சகோதரர் மகனோடு தகராறு, இந்த நேரத்தில் இன்னொரு போர் அவருக்கு வேண்டாம். சரி, பேசி முடித்தார்கள்: பத்து வருஷத்துக்கு ஜெருசலேம், பெத்லகேம், நாசரேத் கிறிஸ்தவர்களிடம், நகருக்குள்ளேயே இருக்கும் இஸ்லாமியப் புனிதத் தலங்களான அல்-அக்ஸாவும் பாறைக் குவிமாடமும் மட்டும் முஸ்லிம்களிடம்.

இரண்டு பக்கமும் திட்டித் தீர்த்தார்கள். மார்ச்சில் திருக்கல்லறை ஆலயத்தில் பிரெடரிக் ஜெருசலேம் ராஜாவின் முடியைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். மே மாதம் ஊர் திரும்ப அக்கோ துறைமுகத்துக்கு நடந்து போனபோது கசாப்புக் கடைக்காரர்கள் குடலையும் கழிவையும் அவர்மேல் வீசினார்கள், அதுவும் கிறிஸ்தவர்களே! அப்புறம் 1244-ல் மத்திய ஆசியாவைச் சேர்ந்த குவாரசமியப் படைகள் புகுந்து நகரத்தைப் பிடித்துக்கொண்டன.