இந்தத் தலைப்பில் படித்தால் வேலை கிடைக்குமா?

உங்கள் மகள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங் மேற்படிப்பில், ஒழுங்கற்ற வடிவமுள்ள கட்டடங்கள் நிலநடுக்கத்தில் எப்படி ஆடுகின்றன என்பதை ஆய்வுக்கு எடுத்திருக்கிறாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு யார் வேலை தருவார்கள் என்பது உங்கள் கவலை. சின்ன விஷயம் இல்லை இது. எல் வடிவக் கட்டடம், மேலே போகப்போகக் குறுகும் மாடிகள், வண்டி நிறுத்துவதற்காகச் சுவரில்லாமல் வெறும் தூண்களோடு விட்ட கீழ்த்தளம் எல்லாமே இதில் அடக்கம். நாலு பக்கமும் சீரான கட்டடத்தைப் பாடப்புத்தகத்தில்தான் அதிகம் பார்க்கலாம்.

1972 டிசம்பரில் நிகரகுவாவின் மனாகுவா நகரில் நிலநடுக்கம் வந்தது. அங்கே இரண்டு வங்கிக் கட்டடங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. 18 மாடிக் கட்டடத்தில் கான்கிரீட் சுவர்கள் நடுவில் சமச்சீராக இருந்தன. அது லேசான சேதத்தோடு தப்பியது. 15 மாடிக் கட்டடத்தில் லிஃப்ட், படிக்கட்டுச் சுவர்கள் ஒரு ஓரமாக இருந்தன. அது திருகிக்கொண்டு பலத்த சேதமடைந்தது. காரணம் எளிது. நடுக்கத்தின் விசை கட்டடத்தின் நிறை மையத்தில் வேலை செய்யும். சுவர்களும் தூண்களும் அசையவிடாமல் தாங்கும் பலத்தின் நடுப்புள்ளியான விறைப்பு மையம் வேறிடத்தில் இருந்தால், கட்டடம் அதைச் சுற்றித் திரும்பும். தொலைவிலுள்ள ஓரத் தூண்கள்தான் அதிகம் நகர்ந்து அடிவாங்கும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. பலர் சாஃப்ட்வேரில் மாடல் போட்டு, வண்ணப் படங்களை ஒட்டி ஆய்வை முடித்துவிடுகிறார்கள். இன்டர்வியூவில், ‘முதல் அதிர்வு வடிவமே (கட்டடம் இயல்பாக மிக மெதுவாக ஆடும் விதம்) திருகலாக வந்தால் என்ன செய்வாய்?’ என்று கேட்டால் அங்கேயே நின்றுவிடுவார்கள். சுவர்களை இடம் மாற்றலாம், வெளி ஓரங்களில் விறைப்பைக் கூட்டலாம், எல் வடிவத்தைப் போதிய இடைவெளி விட்டு இரண்டு செவ்வகங்களாகப் பிரிக்கலாம். இதைச் சொல்லத் தெரிந்தவருக்கு வடிவமைப்பு அலுவலகங்களில் இடம் உண்டு. பழைய கட்டடங்களை வலுப்படுத்தும் பணியிலும் உண்டு.

சேர்ந்தவுடன் இந்த வேலையே கையில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தொடக்கத்தில் சாதாரண பீம், தூண் கணக்குகள்தான் தருவார்கள். அப்புறம், அவளுக்கு அதிர்வியல் கணிதம் பிடிக்கவே இல்லையென்றால் தலைப்பை இப்போதே மாற்றுவது நல்லது.

இன்று அவளிடம் ஒன்று கேளுங்கள்: உன் கட்டடத்தில் நிறை மையத்துக்கும் விறைப்பு மையத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம்? தாளில் கைக்கணக்காகப் போட்டுக் காட்டினால் நிம்மதியாக விட்டுவிடுங்கள். தடுமாறினால், கம்ப்யூட்டரை மூடிவிட்டு முதலில் ஒரே ஒரு தளத்துக்கு அந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.