காலிபர் போட்டால் கால் இன்னும் பலவீனமாகிவிடுமா?

ஆகாது, டீச்சர். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு பக்கக் கடிதத்தில் பதினோரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் 'ஒருதரம் போட்டுப் பழகிவிட்டால் அப்புறம் அது இல்லாமல் எழுந்து நிற்கவே முடியாதாமே' என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னதை மட்டும் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான். தொங்கும் பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் காலிபர் போடச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு எட்டு மாதமாக பீரோவில் கிடப்பதற்கும் அதுதான் காரணம்.

உங்களுக்கு இருப்பது சார்கோ-மேரி-டூத் நோய், சுருக்கமாக சி.எம்.டி. 1886-ல் இதை விவரித்த மூன்று மருத்துவர்களின் பெயர்கள் அவை. பரம்பரையாக வரும் நரம்பு நோய்களில் இதுதான் அதிகம் பேருக்கு இருப்பது, ஏறத்தாழ 2500 பேரில் ஒருவருக்கு. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தானே? அதுபோல, உடம்பிலேயே நீளமான நரம்புகள் போய்ச் சேருகிற பாதம்தான் இந்த நோயில் முதலில் தளரும். பாதத்தை மேலே தூக்கும் முன்கால் தசைக்கு நரம்பின் கட்டளை சரியாக எட்டவில்லை. அதனால் தசை மெலிகிறது. நீங்கள் காலிபர் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த நரம்பு அதன் போக்கில்தான் இருக்கும். தசை செய்ய முடியாமல் விட்ட வேலையைத்தான் காலிபர் எடுத்துச் செய்கிறது.

போடாமல் இருந்தால் கால் பலமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். இப்போது நடப்பது என்ன? பாதம் தொங்குவதால், முட்டியளவு தண்ணீரில் நடப்பவர் மாதிரி ஒவ்வொரு அடிக்கும் தொடையைத் தூக்கித் தூக்கி வைக்கிறீர்கள். மூன்று மணிக்கு மேல் கரும்பலகைக்கும் மேசைக்கும் நடுவே நடக்கவே அலுப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த அலுப்பு இதனால் வருவது. மூன்று மாதத்தில் இரண்டு முறை விழுந்திருக்கிறீர்கள். ஒருமுறை நிலைப்படியில் கால்விரல் தட்டி, ஒருமுறை சேலைக் கொசுவம் காலில் சிக்கி. 41 வயதில் மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்தால், அப்போது உண்மையிலேயே கால் பலம் குறையும்.

இந்தப் பயத்துக்கு வேர் எங்கே என்று எனக்குத் தெரியும். காலிபர் என்றதும் உங்கள் மனதில் வருவது போலியோ வந்த பிள்ளை: இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தோல் பட்டை, கனத்த பூட்ஸ், நடந்தால் சத்தம். நம் வயதுக்காரர்கள் எல்லோருடைய வகுப்பிலும் அப்படி ஒருவர் இருந்தார். 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று இந்தியா சான்று பெற்ற பிறகும் அந்தச் சத்தம் நம் காதில் இருந்து போகவில்லை. உங்களுக்கு எழுதிக்கொடுத்திருக்கும் ஏ.எஃப்.ஓ., அதாவது கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் காலிபர், முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கி உள்ளங்காலுக்கு அடியில் போகும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு. மேலே ஒரு வெல்க்ரோ பட்டை. சேலைக்குள் அது இருப்பதே தெரியாது. வெளியே தெரியப்போவது ஷூ மட்டும்தான். பிள்ளைகள் முதல் வாரம் ஷூவைப் பார்ப்பார்கள், இரண்டாவது வாரம் பார்க்கமாட்டார்கள். இது முப்பது வருடமாக வகுப்பறைக்குத் திரும்பிப் போனவர்கள் என்னிடம் வந்து சொன்னது.

சரி. இதையெல்லாம்விட எனக்குக் கவலை தந்தது, மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி. 'மார்க்கெட்டில் ஒருநாள் இடது கால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை டாக்டர், பூக்காரம்மா கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் பார்த்தேன்.'

இதைக் கேள்வியாகக்கூட நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுக்க உடனே கவனிக்க வேண்டிய விஷயம் இது ஒன்றுதான். செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று அர்த்தம். உணர்ச்சி குறைந்த காலில் காலிபர் உறுத்தினால் வலிக்காது. வலிக்காத புண்ணை யாரும் கவனிப்பதில்லை.

என்னிடம் வரும் ஒரு பஸ் கண்டக்டரின் கதை இது. காலிபர் போட்டு நான்காவது நாள். வெளிக் கணுக்கால் எலும்பின் மேல் பிளாஸ்டிக்கின் ஓரம் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு ஷிஃப்ட் நின்று வேலை பார்த்திருக்கிறார், ஒன்றும் தெரியவில்லை. துவைக்கப் போட்ட சாக்ஸில் எட்டணா காசு அளவுக்கு ரத்தக் கறையைப் பார்த்து அவர் மனைவிதான் காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். எலும்பு தெரியவில்லை, அவ்வளவுதான் மிச்சம். ஆறு வாரம் ஆனது அது ஆற. தகட்டின் ஓரத்தைச் சூடாக்கி வெளிப்பக்கம் வளைக்கப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது.

வேலூரில் 1946 முதல் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் கண்டு சொன்னதும் இதுதான். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதாக உலகமே நம்பிக்கொண்டிருந்தது. அப்படி இல்லை, வலி தெரியாததால் படும் காயங்களும் அவற்றைக் கவனிக்காமல் விடுவதும்தான் விரல்களைத் தின்கின்றன என்று அவர் காட்டினார். இன்று சர்க்கரை நோயாளிகள் வாங்கிப் போடும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு அந்தப் பாடத்தில் இருந்து வந்தது. உங்கள் நோய் வேறு, பாடம் ஒன்றுதான்.

ஆகவே காலிபர் வந்த முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போடுங்கள். கழற்றியதும் சாக்ஸையும் உருவிவிட்டு வெளிச்சத்தில் காலைப் பாருங்கள்: கணுக்கால் முட்டுகள், குதிகால், சுண்டுவிரல் பக்கத்து ஓரம், கெண்டைக்காலில் பட்டை படும் இடம். உள்ளங்காலுக்கு ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். லேசான சிவப்பு இருக்கலாம். அரை மணி நேரத்தில் அது மறைந்துவிட வேண்டும். மறையாவிட்டால், அல்லது கொப்புளம், தோல் உரிசல், கருத்த நிறம் எது தெரிந்தாலும் காலிபரை மறுபடி மாட்டாமல் செய்து கொடுத்தவரிடம் அன்றே எடுத்துப் போங்கள். பஞ்சு வைத்து அடைத்து நீங்களாகச் சமாளிக்கக் கூடாது. ஒன்றும் இல்லையென்றால் தினமும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போகலாம். காலைப் பார்ப்பதை மட்டும் என்றைக்குமே நிறுத்தாதீர்கள். பல் தேய்ப்பது மாதிரி.

கொலுசைக் கழற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக்குக்கும் தோலுக்கும் நடுவே ஒரு முத்து மாட்டினால் போதும், புண்தான். மெட்டியையும் பாருங்கள், சி.எம்.டி.யில் விரல்கள் மடங்கிக்கொள்ளும், ஷூவுக்குள் மெட்டி அடுத்த விரலை அறுக்கும். கோயிலில் உச்சி வெயிலில் வெறுங்காலோடு கல் பிராகாரம் சுற்றாதீர்கள். காலை ஏழு மணிக்குப் போங்கள், சாமி அப்போதும் இருப்பார்.

இனி நீங்கள் கேட்காமலே செய்துகொண்டிருப்பவை. மெடிக்கலில் 'நரம்பு மாத்திரை' வாங்கி இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறீர்கள், வாரம் ஒரு நரம்பு ஊசியும் போடுகிறீர்கள். யார் எழுதிக்கொடுத்தது? சி.எம்.டி. வைட்டமின் குறைவால் வருவதில்லை. அந்த மாத்திரைகளில் இருக்கும் பி6 அதிக அளவில் நீண்ட நாள் உடம்பில் சேர்ந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும், பாதம் மரத்துப்போகும். ஏற்கெனவே மரத்த காலுக்கு மரத்துப்போகும் மருந்தைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். அட்டைகளை எடுத்துக்கொண்டு நரம்பு மருத்துவரிடம் போய், பி12 அளவைப் பரிசோதித்துவிட்டு, தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துங்கள். செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். சூடு தெரியாத காலில் ஒத்தடம் கொடுத்துத் தோல் வெந்து வந்தவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

மற்ற கேள்விகளுக்கு வேகமாக: வீடியோவில் பார்த்த 'பத்து வருடத்தில் சக்கர நாற்காலி' உங்களுக்கானது இல்லை. பெரும்பாலான சி.எம்.டி.காரர்கள் கடைசிவரை நடக்கிறார்கள், ஆயுளும் குறைவதில்லை. இது வருடக்கணக்கில் நகரும் நோய். சில வாரங்களில் திடீரென மோசமானால் அது வேறொன்று, உடனே காட்ட வேண்டும். ஸ்டெம் செல் விளம்பரத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வைட்டமின் சி-யை அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் பலன் தரவில்லை. இரவில் கெண்டைக்கால் இழுப்பதும் பாதம் சில்லிடுவதும் இந்த நோயோடு வருபவைதான், ஆபத்தில்லை. முடி கொட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எந்தக் காலிபர் என்பதில் அவசரப்படக் கூடாது. ஆன்லைனில் அளவு எஸ், எம், எல் என்று விற்பதை வாங்காதீர்கள். உங்கள் பாதம் வளைவு உயர்ந்தது, விரல் மடங்கியது, உணர்ச்சி குறைந்தது. உங்கள் காலில் மாவுக்கட்டு வைத்து அச்சு எடுத்துத்தான் செய்ய வேண்டும். அதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, நுனிக்காலில் நிற்க முடிகிறதா. முடிந்தால் பின்தசைக்குப் பலம் இருக்கிறது, வளைந்து கொடுக்கும் மெல்லிய தகடு போதும். எதையாவது பிடிக்காமல் சும்மா நிற்கவே தடுமாறினால் பின்தசையும் தளர்ந்திருக்கிறது. அவர்களுக்குக் கணைக்கால் எலும்பை முன்பக்கமாகத் தாங்கும் வகை வேண்டியிருக்கும். இன்னொன்று, குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநார் இறுகியிருக்கிறதா. பாதத்தைக் காலுக்குச் செங்கோணமாக நிமிர்த்த முடியாத காலில் எவ்வளவு விலையுயர்ந்த காலிபரும் உட்காராது. முதலில் பிசியோதெரபி.

இந்தியக் கழிப்பறை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். விறைப்பான ஏ.எஃப்.ஓ.வோடு குந்த முடியாது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, வாங்கிய ஒரே மாதத்தில் பரணில் போட்டவர்கள் நிறையப் பேர். கணுக்காலில் கீல் வைத்த வகை உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பி.எம்.ஆர். என்ற மறுவாழ்வு மருத்துவத் துறை, சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், வேலூர் சி.எம்.சி. என எங்கே போனாலும் இதெல்லாம் அவர்கள் தினமும் கேட்கும் கேள்விகள்தான்.

மகளுக்கு வருமா என்று கடைசி வரியில், சிறிய எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். அப்பா, நீங்கள் என்று தலைமுறை தலைமுறையாக வருவதைப் பார்த்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளை வெறுங்காலோடு குதிகாலில் மட்டும் பத்தடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். விரல்களைத் தூக்கிக்கொண்டு நடந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், பயமுறுத்தவும் வேண்டாம். முடியவில்லை என்றால் உங்களோடு அழைத்துப் போங்கள். எப்படியானாலும் வீட்டு மருத்துவக் கோப்பில் 'சி.எம்.டி. குடும்பம், வின்கிரிஸ்டின் கொடுக்கக் கூடாது' என்று எழுதி வையுங்கள். புற்றுநோய்க்குத் தரும் அந்த மருந்து இந்த நோய் உள்ளவர்களின் நரம்பை வேகமாகச் சேதப்படுத்தும். யாருக்கும் தேவைப்படாமலே போகட்டும்.

சனிக்கிழமை பள்ளி லீவுதானே. பீரோவில் இருக்கும் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், உள்சோல் கழற்ற வரும், வழக்கமான அளவைவிடக் கொஞ்சம் பெரிய ஷூ ஒரு ஜோடி வாங்கி எடுத்துப் போங்கள். கொலுசை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.