பெட்டியை மறைக்க வேண்டியதில்லை

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் தரம் 10 இல் படிக்கிறேன். சென்ற தவணையில் எங்கள் தோழி ஒருத்தியின் வெள்ளைச் சீருடையில் மாதவிடாய்க் கறை பட்டுவிட்டது. பாடசாலை விட்டு எல்லோரும் போகும்வரை அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை. அதன் பின்னர் நாங்கள் நால்வர் காசு சேர்த்து, வகுப்பு அலுமாரியில் ஒரு பெட்டியில் பாட் (சுகாதாரத் துவாய்) வைக்கத் தொடங்கினோம். ஆண் ஆசிரியர்கள் வந்துபோகும் இடத்தில் அது இருக்கக் கூடாது என்கிறார் ஓர் ஆசிரியை. துடக்கு விஷயத்தை வெளியில் கதைப்பது எங்கள் பண்பாடு இல்லை என்கிறார் அம்மம்மா. பாடசாலையின் சுகாதார தினத்தில் இதைப் பற்றி மேடையில் பேச இருக்கிறோம். ஆனால் அந்தத் தோழி வர மறுக்கிறாள். அவளுக்காகத்தானே தொடங்கினோம்? நாங்கள் செய்வது பிழையா?

வெள்ளவத்தை மாணவி

அன்புள்ள பிள்ளைக்கு,

பிழையில்லை. உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாயிற்று.

முதலில் ஆசிரியைக்குச் சொல்ல வேண்டியது. மாதவிடாய் தொடங்கிய முதல் சில வருடங்களில் சூல்முட்டை வெளியேறுவது ஒழுங்குக்கு வராததால் நாட்கள் முன்பின்னாக மாறுவது இயல்பு. உங்கள் வயதில் 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். நாளை எண்ணிக் காத்திருக்க முடியாத இந்த வயதில்தான் நமது நாடு உங்களுக்கு வெள்ளைச் சீருடை அணிவித்திருக்கிறது. ஆகவே அந்தப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆண் ஆசிரியர்களுக்கும் மனைவியும் மகளும் சகோதரியும் இருக்கிறார்கள். பெட்டியைக் கண்டு அவர்கள் சங்கடப்படுவார்கள் என்று நாமே முடிவு செய்வது அவர்களுக்கும் நியாயமில்லை.

அம்மம்மாவின் கோபத்தை மரியாதையோடு கேளுங்கள், ஆனால் பண்பாடு என்ற சொல்லுக்குப் பணிந்துவிடாதீர்கள். நம் வீடுகளில் பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் அழைப்பிதழ் அச்சடித்து, மண்டபம் எடுத்து, ஆராத்தி காட்டி, வீடியோவும் பிடித்து ஊருக்கே அறிவிக்கிறோம். சில மாதங்களில் அதே பிள்ளை கடையில் பாட் வாங்கினால் அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள். அவளும் தலைகுனிந்து வாங்கிக்கொள்கிறாள். சாமத்திய வீட்டில் பெருமையாக இருந்த ஒன்று இவ்வளவு விரைவில் எப்படி அவமானமாகிறது என்று அம்மம்மாவிடமே கேட்டுப் பாருங்கள். மாதந்தோறும் ஒதுக்கிவைக்கும் அந்தத் தூமை, அதாவது மாதவிடாய் இரத்தம், தங்கித்தானே வளர்ந்து உருவமாகிறது, இதில் உயர்குலம் எங்கே என்று வேதியரை நோக்கிப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழில் கேட்டவர் சித்தர் சிவவாக்கியர். அவருடைய குரலும் நம் பண்பாடுதான்.

வாய் திறக்காததால் நாம் கொடுத்த விலை சிறியதல்ல. 2018 ஆம் ஆண்டு வரை இறக்குமதியாகும் சுகாதாரத் துவாய்களுக்கு இலங்கையில் மொத்த வரி 101.2 வீதமாக இருந்தது. அந்த ஆண்டில்தான் அது 62.6 வீதமாகக் குறைக்கப்பட்டது. பொருளின் விலையை விட வரி கூடுதலாக இருந்தும் நாட்டின் பாதிப் பேர் அதைப் பற்றி உரக்கப் பேசவில்லை, ஏனெனில் அந்தப் பொருளின் பெயரைச் சபையில் சொல்வதே கூச்சமாக இருந்தது. தேவையுள்ள பாடசாலைகளின் மாணவிகளுக்குத் துவாய் வாங்க அரசாங்கம் 2024 இல் வவுச்சர் கொடுக்கத் தொடங்கியதற்கும், சிலர் கூச்சத்தை விட்டுப் பேசியது ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன்.

ஆகவே மேடையில் பேசுங்கள். வீரத்தைப் பற்றிக் குறைவாகவும் கழிவறையைப் பற்றிக் கூடுதலாகவும் பேசுங்கள்: தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, மூடியுள்ள குப்பைக் கூடை இருக்கிறதா என்று அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். பாடசாலைக்கு வர முடியாத அளவுக்கு மாதந்தோறும் வயிற்றுவலி வந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். பெண்ணாய்ப் பிறந்தால் அப்படித்தான் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேரின் நோய் வருடக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போயிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு உடன்பாடில்லாத ஒரே இடம், அந்தத் தோழி மீதான வருத்தம். கட்டாயத்தின் பேரில் மறைப்பது வேறு, தன் உடம்பைப் பற்றித் தான் விரும்பியவர்களிடம் மட்டும் சொல்வது வேறு. முன்னதை ஒழிக்கத்தான் நீங்கள் புறப்பட்டீர்கள். பின்னது அவளுடைய உரிமை. அவளுக்கு நேர்ந்ததை, பெயரைச் சொல்லாமல்கூட, மேடையில் சொல்லிவிடாதீர்கள். ஒரே பாடசாலையில் அது யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இன்றே அவளிடம் போய், நீ வர வேண்டியதில்லை, உன்னைப் பற்றி நாங்கள் எதுவும் பேசவும் மாட்டோம் என்று சொல்லுங்கள். பெட்டியில் பாட் குறையும்போது காசு சேர்க்க அவளையும் எப்போதும்போலக் கேளுங்கள்.

அன்புடன்.