இடுகிறவன் தன்னவனா?

கேள்வி: சிக்குக் கோலம் போட்டுப் படம் போடலாம் என்று ஒரு சமூக வலைத்தளத்தில் கணக்கு தொடங்கினேன். ‘இவர்களைப் பின்தொடருங்கள்’ என்று வருவதெல்லாம் நடிகர்கள், கிரிக்கெட்காரர்கள். என்னை யாருக்கும் காட்டுவதாகத் தெரியவில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ‘இடுகிறவன் தன்னவனானால் கடைப்பந்தியில் இருந்தால் என்ன’ என்பார்களே, ஆரம்பத்தில் கதை அப்படித்தான் இருந்தது. 2009இல் ட்விட்டர் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு பட்டியலை நீட்டியது. அதில் யார் இருக்கலாம் என்பதை நிறுவனத்தார் முடிவு செய்தார்கள். இடம் கிடைத்தவர்களுக்குப் பின்தொடர்வோர் லட்சக்கணக்கில் குவிய, மற்றவர்கள் கொதித்தார்கள். அந்தப் பட்டியல் 2010 தொடக்கத்தில் போனது. அதே ஆண்டு ஜூலையில் பரிமாறும் வேலை அல்காரிதத்தின் கைக்கு, அதாவது யாருக்கு யாரைக் காட்டுவது என்று தானே கணக்குப் போடும் கணினி நிரலின் கைக்கு, வந்தது.

சரி, கணினிக்கு மாமன் மச்சான் கிடையாது, நியாயம் கிடைக்கும் என்றுதானே நினைப்போம்? ஆனால் அது முக்கியமாகப் பார்ப்பவற்றில் ஒன்று இது: நீங்கள் பின்தொடர்கிறவர்கள் வேறு யாரைப் பின்தொடர்கிறார்கள்? நடிகர் ஏற்கெனவே எல்லார் வீட்டுப் பட்டியலிலும் இருக்கிறார். அதனால் எல்லார் திரையிலும் வருகிறார், வருவதால் இன்னும் பிரபலமாகிறார். ட்விட்டர் செய்த அந்த மாற்றத்தின் விளைவை ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வந்தது. சின்னக் கணக்குகளுக்கும் கொஞ்சம் கூடியதாம். ஏற்கெனவே பிரபலமானவர்களுக்கோ அதைவிட வெகு அதிகம். முதல் இலைக்கே மறுபடி மறுபடி பாயசம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில், நம் விவரங்களை வைத்துக் கணிக்காமல் பரிந்துரைக்கும் ஒரு வழியாவது தர வேண்டும் என்று மிகப் பெரிய தளங்களுக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆனால் அது கும்பகோணம் வரை வராது.

அதனால் நம் கையில் இருப்பதைப் பாருங்கள். அது காட்டும் ஆட்களை விடுங்கள். தேடும் கட்டத்தில் ‘சிக்குக் கோலம்’, ‘புள்ளிக் கோலம்’ என்று தமிழிலேயே தட்டி, கோலக்காரிகள் பத்துப் பதினைந்து பேரை நீங்களே பிடியுங்கள். அவர்கள் படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள். அவர்களில் நாலு பேர் உங்களைத் திரும்பப் பின்தொடர்ந்தால் போதும். அப்புறம் அவர்களுடைய ஆட்களின் திரையில் உங்கள் பெயரும் எட்டிப் பார்க்கும். நடிகர்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், அவர்கள் எங்கேயும் ஓடிவிட மாட்டார்கள்.

இன்னொன்று. செல்போனில் இருக்கும் எண்களை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்று அழுத்துங்கள். நான் யோசிக்காமல் ‘சரி’ என்றேன். ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று முதலில் வந்த முகம், அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்ட பழைய வீட்டுக்காரருடையது. மூன்று தடவை நீக்கிவிட்டேன். போன வாரம் மறுபடி வந்தார், புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்.