தோட்ட நகரத்திலிருந்து உலக இரத்தசோகைக் குறைப்புக்கு உதவ முடியுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட நகரத்தில் இருந்துகொண்டு, தகவல்களைப் பகிர்வதன் வழி உலகில் இரத்தசோகையைக் குறைக்க உதவ முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டிகள் பலவற்றை, மூலத்தைக் குறிப்பிட்டு, இலாப நோக்கமின்றித் தமிழாக்கிப் பகிர அவற்றின் உரிமம் இடமளிக்கிறது. ஆகவே, இங்குள்ள தோட்டத்துப் பெண்களுக்காக எளிய தமிழில் எழுதும் ஒரு பக்கம் இலங்கை மலையகத்துக்கும் பயன்படும். கருவுற்றிராத பெண்ணின் ஹீமோகுளோபின் (இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்பதையும், சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும், கொய்யாப்பழம் கூட்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். எனக்குப் பெருங்கவலை தருவது வேறொன்று: மலேசியாவில் தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் கோளாறின் மரபணுவைச் சுமப்போர் கணிசமாக இருக்கிறார்கள்; அவர்களின் இரத்தசோகைக்கு இரும்புக் குறைவு காரணமாக இல்லாமல் இருக்கலாம். ஆகவே, பரிசோதனையின்றி இரும்பு மாத்திரை விழுங்கச் சொல்லும் செய்திகளைத் தயவுசெய்து பகிராதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.