சிட்னியிலிருந்து அடிலெய்டுக்குக் கேரவானில்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நானும் கணவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டோம். காரால் இழுத்துச் செல்லும் பழைய கேரவான் ஒன்று வாங்கியிருக்கிறோம். சிட்னியிலிருந்து வாகா வாகா, ஹே, பால்ரனால்ட், மில்டூரா, ரென்மார்க் வழியாக அடிலெய்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக ஆசை. நான்கு நாளில் போய்விடலாம் என்கிறார் இவர். எங்கள் எஸ்யூவி 2,000 கிலோ இழுக்கும் என்று கையேட்டில் இருக்கிறது. கேரவானின் வெற்று எடை 1,560, ஏடிஎம் 1,960 என்று தகட்டில் போட்டிருக்கிறது. பின் பம்பரில் தாங்கி வைத்து இரண்டு மின்சார சைக்கிள்களையும் கொண்டுபோக நினைக்கிறோம். சமையல் நம் சமையல்தான். பின்னால் எடுக்கும்போது மட்டும் எங்களுக்குள் பெரிய சண்டையாகிவிடுகிறது. எதைக் கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதுவீர்களா?

ஒரு வாசகி, டூங்காபி

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு நாள் போதாது. நேர் வழியே 1,350 கிலோமீட்டருக்கு மேல். காரில் ஒரே நாளில் 700 கிலோமீட்டர் ஓட்டியவர்கள்கூட, கேரவானோடு 250 தாண்டினால் களைத்துப்போவார்கள். 90 கிலோமீட்டர் வேகத்தில் போவது, இரண்டு மணிக்கொரு முறை நிறுத்திச் சக்கரங்களைத் தொட்டுப் பார்ப்பது, போய்ச் சேர்ந்ததும் நிறுத்திச் சமன் செய்வது எல்லாம் சேர்ந்தால் பகல் முடிந்துவிடும். மாலையில் இருட்டுவதற்கு முன்பே இடத்தில் நின்றுவிட வேண்டும். அந்தியிலும் விடியலிலும் கங்காருக்கள் சாலைக்கு வரும். பின்னால் இரண்டு டன் இருக்கும்போது திடீரென ஒதுங்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்லது. ஜனவரியில் ஹே பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு.

ஆனால் நாள் கணக்கைவிட எனக்குக் கவலை தந்தது நீங்கள் எழுதிய எண்கள். கேரவான் பயணத்தில் பெரிய விபத்துகளில் பல, சாலைக்கு வருவதற்கு முன்பே, வீட்டு வாசலில் சாமான் ஏற்றும்போது தொடங்கிவிடுகின்றன. அதனால் இதை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

ஏடிஎம் என்பது சாமான் எல்லாம் ஏற்றியபின் கேரவான் இருக்கக்கூடிய உச்ச எடை. உங்களுக்கு 1,960. வெற்று எடை 1,560 போனால் கையில் இருப்பது 400 கிலோ. தாராளமாகத்தான் தோன்றும். தண்ணீர்த் தொட்டி இரண்டு, தலா 80 லிட்டர் என்று வைத்தால் 160 கிலோ அங்கேயே போயிற்று. இரண்டு 9 கிலோ கேஸ் சிலிண்டர்களில் உள்ள கேஸ் 18. அரிசி பருப்பு பாத்திரம் 60, படுக்கை போர்வை 25, துணிமணி 30, குழாய், மின்கம்பி, சக்கரக் கட்டைகள் 25, மேஜை நாற்காலி வெளிப்பாய் 30, குளிர்பெட்டியில் உள்ளவை 20, கருவிகள் 15. கூட்டினால் 383. மொத்தம் 1,943. மிச்சம் 17 கிலோ.

இப்போது சைக்கிள்களுக்கு வாருங்கள். ஒன்று 25 கிலோ, தாங்கி 15 என்றால் 65 கிலோ. மொத்தம் 2,008. ஏடிஎம்மையும் தாண்டியாயிற்று, உங்கள் வண்டி இழுக்கும் வரம்பையும் தாண்டியாயிற்று. ஆனால் உண்மையான ஆபத்து மொத்த எடையில் மட்டும் இல்லை. கேரவானின் முன்முனை, அதைக் கோக்கக் காரின் பின்னால் இருக்கும் உருண்டையான டோ பாலில் அழுத்தும் எடை, மொத்தத்தில் ஏறக்குறைய 10 சதவீதமாவது இருக்க வேண்டும். 1,943க்கு அது 194 கிலோ. சைக்கிள் தாங்கி கேரவானின் சக்கர அச்சுக்கு மூன்று மீட்டர் பின்னால், டோ பால் அச்சுக்கு நான்கு மீட்டர் முன்னால் என்றால், பின்னால் ஏற்றிய 65 கிலோ, முன்னால் அழுத்தும் எடையிலிருந்து சுமார் 49 கிலோவைத் தூக்கிவிடும். 194 என்பது 145 ஆகிவிடும். அது 7 சதவீதம்தான். பின்பாரம் கூடிய கேரவான் ஒரு லாரி கடக்கும்போதோ, இறக்கத்தில் வேகம் கூடும்போதோ இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் வளர்ந்தால் காரையே சுழற்றிவிடும்.

ஒரு தொட்டித் தண்ணீரைக் குறைத்தால் மொத்த எடை வரம்புக்குள் வந்துவிடுமே என்று கேட்பீர்கள். வரும். ஆனால் பின்பாரம் அப்படியேதான் இருக்கும். தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால் காலியாக்குவதால் டோ பால் எடை இன்னும் குறையும். பழைய கேரவான்களின் பின் பம்பர் பெரும்பாலும் இந்தப் பாரத்துக்காகச் செய்யப்பட்டதும் இல்லை. குண்டுகுழியான சாலையில் வெல்டிங் விட்டுப்போகும். சைக்கிள்களை வீட்டில் விட்டுவிடுங்கள். மில்டூராவில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

டோ பாலில் அழுத்தும் எடை காரின் பாரக் கணக்கிலும் சேரும். இதைப் பலர் மறக்கிறார்கள். காரின் ஜிவிஎம், அதாவது ஆட்களும் சாமானும் ஏறியபின் அதன் உச்ச எடை, 2,500, தனி எடை 1,980 என்று எடுத்துக்கொண்டால், நீங்கள் இருவரும் 150, டோ பால் பொருத்தும் டோ பார் 40, பின்பக்கச் சாமான் 80, டோ பால் எடை 194, ஆக 2,444. இன்னும் 56 கிலோதான் இடம். உங்கள் கையேட்டில் உள்ள உண்மையான எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். காரும் கேரவானும் சேர்ந்த உச்ச எடையான ஜிசிஎம் தனியாகக் கொடுத்திருப்பார்கள், அதையும் பாருங்கள். வரம்பு மீறி ஏற்றியிருந்தால், விபத்து நேரும்போது காப்பீட்டுக்காரர்கள் பணம் தர மறுக்கவும் கூடும்.

காகிதக் கணக்கோடு நிற்காமல் எடைமேடைக்குப் போங்கள். முழுச் சாமான், முழுத் தண்ணீர், இருவரும் காரில். முதலில் கார் மட்டும். பிறகு கேரவானைக் கோத்து, காரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி ஒரு எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் டோ பால் எடை. பிறகு கேரவானைக் கழற்றித் தனியாக வைத்தால் வருவது அதன் முழு எடை. டோ பாலில் விழும் பாரத்தைக் காரின் முன்சக்கரங்களுக்கும் பகிரும் எடைப்பகிர்வுக் கம்பிகள் பூட்டியிருந்தால் இரண்டாவது எடை எடுக்கும்போது அவற்றைத் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் கணக்குத் தப்பும். சில கார்க் கம்பெனிகள் அந்தக் கம்பிகளைப் பயன்படுத்தவே கூடாது என்கின்றன, கையேட்டைப் பாருங்கள்.

டயர் பழைய கேரவானில் ஏமாற்றும். ஓடாமல் நின்றதால் பட்டை புதிதுபோல இருக்கும், உள்ளே ரப்பர் செத்திருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஏழு ஆண்டு தாண்டியதை யோசிக்காமல் மாற்றுங்கள். சக்கர பேரிங்குகளைப் பிரித்துக் கிரீஸ் வைத்தது எப்போது என்று விற்றவர் ரசீதோடு சொல்லாவிட்டால், அதையும் செய்துவிட்டே கிளம்புங்கள். சக்கரம் கழற்றி மாட்டியபின் 50 கிலோமீட்டரில் ஒரு முறையும் 100இல் ஒரு முறையும் நட்டுகளை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும். நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். எல்லாம் வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் கொதித்தால், அங்கே பேரிங் போய்க்கொண்டிருக்கிறது அல்லது பிரேக் பிடித்தபடி ஓடுகிறது.

கோக்கும் வரிசையை மாற்றாதீர்கள், நடுவில் யாரும் பேச்சுக் கொடுக்கவும் கூடாது. சக்கரத்துக்குக் கட்டை, கேரவான் முனையில் உள்ள பூட்டான கப்ளிங்கை டோ பாலின் மேல் இறக்கிப் பூட்டுவது, பிறகு முன்முனையைத் தாங்கும் சிறு சக்கரமான ஜாக்கி வீலைக் கீழே சுற்றுவது. காரின் பின்பக்கம் கூடவே எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது என்று பொருள். கப்ளிங் மட்டும் தனியே எழும்பினால் மறுபடி முதலிலிருந்து. சங்கிலிகளை, கேரவானின் முன்னால் நீளும் சட்டமான டிராபாருக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள்; கப்ளிங் கழன்றாலும் முனை சங்கிலியின் மேல் விழும், தார்ச்சாலையைக் குத்தாது. சங்கிலியை மாட்டும் ஷேக்கிள் வளையம் எடை முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். மின்பிளக்கை மாட்டுவது, ஜாக்கி வீலைக் கழற்றுவது, கைபிரேக்கை விடுவிப்பது, கட்டையை எடுப்பது, கடைசியில் விளக்குகளைப் பார்ப்பது. 20 மீட்டர் நகர்த்தி, 30 கிலோமீட்டர் வேகத்தில் கேரவான் பிரேக்கைக் காரிலிருந்து இயக்கும் பிரேக் கண்ட்ரோலரைக் கையால் மட்டும் அழுத்திப் பாருங்கள். கேரவான் காரைப் பின்னுக்கு இழுப்பது தெரிய வேண்டும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது.

வழியில் ஆட்டம் தொடங்கினால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பி ஈடுகட்டவும் முயலாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், கேரவான் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல அழுத்துங்கள். இருவருக்கும் இது மனப்பாடமாக இருக்க வேண்டும். இருவரும் ஓட்டவும் பழகுங்கள். ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் அடுத்த ஊர் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்.

ஹேயிலிருந்து பால்ரனால்டுக்கு அவ்வளவு தூரம்தான். மேடு பள்ளமே இல்லாத வெட்டவெளி. பார்க்கச் சுலபம், ஆனால் பக்கக்காற்றைத் தடுக்க ஒரு மரம்கூட இல்லாத நீட்டங்கள் உண்டு. மேற்கே போகிறவர்களுக்கு எதிர்க்காற்று வீசினால் டீசல் எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கும். தனியாக 10 லிட்டர் குடிக்கும் வண்டி கேரவானோடு 15 முதல் 18 வரை குடிக்கும். ஹேயில் தொட்டியை நிரப்பிவிடுங்கள். நகரத்துக்கு வெளியே, ஒரு திசைக்கு ஒரே தடம் உள்ள சாலையில், முன்னால் போகும் லாரிக்கும் உங்களுக்கும் 60 மீட்டர் இடைவெளி விடுவது விதி. காரும் கேரவானும் சேர்ந்து ஏழரை மீட்டர் தாண்டினாலே அது பொருந்தும். வண்டிக்கு வண்டி பேசும் யுஎச்எஃப் ரேடியோ வைத்திருந்தால் 40ஆம் சேனலில் லாரிக்காரர்கள் இருப்பார்கள், கேரவான்காரர்கள் 18இல்.

ஊர்களை வெறும் தங்குமிடமாக எண்ணாதீர்கள். வாகா வாகாவுக்கு முன்பே வரும் குண்டகாயில் ஷெரிடன் தெருவில் இறங்கி, யாரி, ஜாக்கி ஜாக்கி என்ற இரண்டு விராஜுரி பழங்குடி மனிதர்களின் வெண்கலச் சிலைகளைப் பாருங்கள். 1852 வெள்ளத்தில் மரப்பட்டைத் தோணிகளில் பல பேரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். ஹேயில் இரண்டு இரவு தங்கினால் ரயில் நிலையத்தில் உள்ள டுனேரா அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஹிட்லரிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூதர்களை 1940இல் எதிரி நாட்டார் என்று டுனேரா என்ற கப்பலில் ஏற்றி இந்தப் பொட்டலில் அடைத்தார்கள். முகாமுக்குள் புழங்க அவர்களே அச்சிட்ட பணத்தில், ஓரத்து முள்வேலி ஓவியத்துக்குள் எழுத்துகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். முங்கோ தேசியப் பூங்காவுக்குக் கேரவானை இழுத்துப்போக வேண்டாம். மண்சாலை, மழை பெய்தால் மூடிவிடுவார்கள். மில்டூராவில் கேரவானை நிறுத்திவிட்டு 110 கிலோமீட்டர் காரில் போய்வாருங்கள், அல்லது அங்கிருந்து போகும் சுற்றுலா வண்டியில் ஏறுங்கள். சுமார் 42,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனித எலும்புகள் கிடைத்த நிலம் அது.

சமையலுக்கு வருவோம். கேரவான் பார்க்கில் கிடைப்பது 15 ஆம்பியர் இணைப்பு, சுமார் 3,500 வாட். இண்டக்ஷன் அடுப்பு 2,000, கெட்டில் 2,200. இரண்டையும் சேர்த்துப் போட்டால் மின்சாரம் போய்விடும். ஏசி ஓடும்போது அடுப்பு மட்டும். வீட்டுப் பிளக்கில் மாட்டுவதற்காக 15 ஆம்பியர் பிளக்கின் எர்த் முனையை அராவாதீர்கள். கம்பிச் சுருளை முழுவதும் அவிழ்த்துவிட வேண்டும். சுருண்டு கிடந்தால் சூடேறி உருகும். மாவரைக்கும் கல் கிரைண்டர் வேண்டாம், அது பத்து கிலோவுக்கு மேல். மிக்ஸியே போதும். தாளிப்பதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கடுகும் காய்ந்த மிளகாயும் வெடித்தால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும், மெத்தையில் மணம் வாரக்கணக்கில் நிற்கும். உள்ளே கேஸ் அடுப்பு எரியும்போது மேல் ஜன்னலையும் ஒரு பக்க ஜன்னலையும் திறந்தே வையுங்கள். குளிருக்காக அடுப்பை மூட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஓடும்போது சிலிண்டர்களை மூடிவிடுங்கள்.

கழிப்பறைக் கழிவு சேரும் பெட்டியான கேசட் இருவருக்கு மூன்று நாள் வரும். அதற்கென்று உள்ள டம்ப் பாயிண்ட் என்ற கழிவுத் தொட்டியில் மட்டுமே கொட்ட வேண்டும்; பல சிற்றூர்களில் கண்காட்சி மைதானத்தின் அருகே இலவசமாக இருக்கும். கவிழ்க்கும்போது காற்றுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் தெறிக்காது. குடிநீர்க் குழாயை அந்தப் பக்கம் கொண்டே போகாதீர்கள்.

பின்னால் எடுப்பதில் வரும் சண்டைக்குக் காரணம், வழிகாட்டுபவர் ஓட்டுநருக்குத் தெரியாத இடத்தில் நின்று கத்துவது. ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்திலேயே நில்லுங்கள். கண்ணாடியில் ஆள் மறைந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்து, கேரவானின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். காலி மைதானத்தில் ஒரு காலை நேரம் பழகுங்கள்.

இடத்தில் நிறுத்தியதும், கழற்றுவதற்கு முன்பே, தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ்ச் சரிவுக் கட்டை வைத்து இடவல மட்டத்தைச் சரிசெய்யுங்கள். கட்டை போட்டுக் கழற்றியபின் முன்பின் மட்டத்துக்கு ஜாக்கி வீல். மூலைத்தாங்கிகள் தரையைத் தொட்டு நின்றால் போதும். அவற்றால் தூக்கினால் சட்டம் கோணிக் கதவு சாத்தாது.

கடைசியாக, மில்டூராவிலிருந்து ரென்மார்க் போகும் வழியில் யாம்பா சோதனைச் சாவடி. தெற்கு ஆஸ்திரேலியாவின் ரிவர்லாந்துப் பழத்தோட்டங்களுக்குப் பழ ஈ வந்துவிடாமல் காக்கிறார்கள். தக்காளி, பச்சை மிளகாய், கத்தரிக்காய், எலுமிச்சை, மாம்பழம் எதுவும் உள்ளே போகக்கூடாது. கொண்டுபோனால் அபராதம். சமைத்தது போகலாம். ஆகவே மில்டூராவில் கடைசி இரவு இருக்கிற தக்காளியைத் தொக்காக வதக்கிவிடுங்கள், கத்தரிக்காயைக் குழம்பாக்குங்கள். மிச்சத்தைச் சாவடிக்கு வருவதற்கு முன்பே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, புதுக் காய்கறியை ரென்மார்க்கில் வாங்கிக்கொள்ளுங்கள்.