பாதையைக் கடக்கும்போது

அன்புள்ள அக்காவுக்கு,

திருகோணமலை வளாகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். சனிக்கிழமைகளில் கிண்ணியாவில் எங்கள் வீட்டு விறாந்தையில் பதினொரு பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி கொடுக்கிறேன். எல்லாரும் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு. என்ன தலைப்புக் கொடுத்தாலும் 'இன்றைய நவீன உலகிலே' என்றுதான் தொடங்குகிறார்கள். போன கிழமை 'பாதுகாப்பான பயணம்' என்று கொடுத்தேன். "பாதையைக் கடக்கும்போது இருபுறமும் பார்க்க வேண்டும்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். அவள் குறிஞ்சாக்கேணி. "அந்தப் பாதையைப் பற்றி எழுதவில்லையா?" என்று கேட்டுவிட்டேன். கொப்பியை மூடியவள் பிறகு பேசவேயில்லை. நான் கேட்டது பிழையா?

ஒரு மாணவி, கிண்ணியா

அன்புத் தங்கைக்கு,

முதலில் வெளியூர் வாசகர்களுக்காக: இலங்கையின் கிழக்கில் பாதை என்றால் தெருவும்தான், நீரைக் கடக்க ஆட்களை ஏற்றிப்போகும் மிதவையும்தான். புதுப் பாலம் கட்டும் வேலை நடந்த நாட்களில் குறிஞ்சாக்கேணிச் சனம் அப்படியொரு பாதையில்தான் போய்வந்தது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள்.

உங்கள் கேள்வி பிழையில்லை. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க அவளிடம் கேட்டதுதான் பிழை. பாதை கவிழ்ந்தபோது அவளே சின்னப்பிள்ளை. யாரைப் பறிகொடுத்தாள், எதைப் பார்த்தாள் என்று உங்களுக்குத் தெரியாது.

எனக்குப் பதினான்கு வயதில் வீட்டில் நடந்த ஒரு சண்டையைக் கட்டுரையில் எழுதினேன். ஆசிரியர் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தார். பாராட்டத்தான் வாசித்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. பள்ளிக்கூடம் முடியும்வரை வீட்டைப் பற்றி அப்புறம் ஒரு வரி எழுதவில்லை. அதனால் சொல்கிறேன், அவள் எழுதுவது அவளுடையது. அவளைக் கேட்காமல் வாசித்துக் காட்டாதீர்கள், போனில் படமெடுத்து பேஸ்புக்கில் போடாதீர்கள். அவள் சரி என்றாலும் ஒரு கிழமை விட்டு இன்னொரு தரம் கேளுங்கள். எழுதாமல் இருந்தாலும் அவள் உங்கள் விறாந்தைக்கு வரலாம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

வகுப்பை நிறுத்தாதீர்கள். துயரத்தை எழுது என்று பிள்ளையிடம் கேட்காமலே அந்த விஷயத்துக்குப் போகலாம். 2009 இல் பெரிய பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து திருகோணமலைப் பக்கம் போக பாதைதான். அதில் போய்வந்தவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். பதினொரு பேரையும் அவர்களிடம் அனுப்புங்கள். கடைசிப் பாதை எத்தனை மணிக்கு? தவறவிட்டவர் எங்கே படுத்தார்? இரவில் பிள்ளைப்பேற்று வலி வந்தால் என்ன செய்தார்கள்? எத்தனை பேர் ஏறலாம் என்று யார் எண்ணினார்? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரட்டும். அப்புறம் 2021 ஐ நீங்கள் நினைவூட்ட வேண்டியிருக்காது, அவர்களே அங்கே வந்து நிற்பார்கள். சமூகப் பிரச்சினை என்று நாம் சொல்வது பிள்ளைகளுக்கு ஒரு தலைப்பு மட்டுமே. யார் எண்ணினார் என்பது ஊருக்குள் போய்க் கேட்கக்கூடிய கேள்வி.

'இன்றைய நவீன உலகிலே' பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். ஓ.எல். பரீட்சைக்கு அது தேவைப்படுகிறது, இருக்கட்டும். உங்கள் திருகோணமலைக்காரர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1892 இல் பெண் விடுதலையைப் பேச எடுத்த வடிவம் பழைய தூதுதான், கிளியைத் தூது விட்டார். வார்ப்பு பழையதாக இருப்பதில் குறையில்லை, உள்ளே என்ன ஊற்றுகிறோம் என்று பாருங்கள். சிவப்புப் பேனாவையும் கொஞ்ச நாள் உள்ளே வையுங்கள். எழுத்துப்பிழையைப் பிறகு திருத்தலாம். இப்போது ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே ஒரேயொரு கேள்வி எழுதிக் கொடுங்கள், பென்சிலால்.

அந்தப் பிள்ளையின் கொப்பி இப்போது யாரிடம் இருக்கிறது? உங்களிடம் என்றால் அடுத்த சனிக்கிழமைவரை வைத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.